மீயன் குன்றின் கருநாய்

மர்மக் கதைகளை விரும்பிப் படிப்போருக்கு ஒரு சிற்றூர் மிகவும் பழக்கமானது. அவ்வூரில் எல்லோரும் எல்லோரையும் அறிவர். ஊருக்கு மேலே ஒரு குன்று நிற்கும். அக்குன்றைப் பற்றிக் கிழவியர் சொல்லும் பேய்க்கதை ஒன்று தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும். ஒருநாள் அங்கே ஒரு கொலை நிகழும். தலைநகரிலிருந்து புகழ்பெற்ற துப்பறிவாளர் ஒருவர் வந்திறங்குவார். ஊர் வாயை மூடிக்கொள்ளும். இறுதி அத்தியாயத்தில் குற்றவாளி அகப்படுவான். வாசகரும் நிம்மதியாக நூலை மூடிவைப்பார்.

இத்தகைய கதை கற்பனையில் மாத்திரம் பிறப்பதன்று. இரண்டாம் உலக யுத்தம் முடிவை நெருங்கிய காலத்தில், இங்கிலாந்தின் வோரிக்ஷயர் மாகாணத்து லோவர் குயின்ரன் என்ற கிராமத்தில், இக்கதையின் எல்லா அத்தியாயங்களும் மெய்யாகவே நடந்தேறின. இறுதி அத்தியாயம் ஒன்றுதான் இன்றுவரை எழுதப்படவில்லை. கொலை செய்தவர் யார் என்பது சட்டத்தின் முன் நிறுவப்படாமலே போயிற்று. ஆனால் அந்தக் கொலையைச் சுற்றி வளர்ந்த கதைகள் கொலையிலும் பன்மடங்கு பெரிதாகிவிட்டன. ஒரு மரணம் எவ்வாறு பழங்கதையாக மாறுகிறது, அம்மாற்றத்தால் யாருக்கு நட்டம் என்பனவற்றை ஆராய்வதற்கு இதனினும் பொருத்தமான நிகழ்ச்சி கிடைப்பது அரிது.

லோவர் குயின்ரன் கிராமம், நாடகப் பெரும்புலவர் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ராட்போட் நகருக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் உள்ளது. கூரிய கோபுரமுள்ள பழைய தேவாலயம், அதனைச் சூழ்ந்த குடிசைகள், ஒரு தவறணை, அப்பால் பண்ணைகள், வயல்களைப் பிரிக்கும் உயிர்வேலிகள் என்பனவே அதன் தோற்றம். கிராமத்துக்கு மேலே 600 அடிக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் மீயன் குன்று நிற்கிறது. அதன் உச்சியில் இரும்புக் காலத்து மக்கள் அமைத்த அரணொன்றின் மண்மேடுகள் இருக்கின்றன.

பழைய மேடும் தனித்த குன்றும் உள்ள இடத்தில் கதையும் இருக்கும். ஈவ்ஷாம் நகரத்து மடாலயத்தை அழிக்க எண்ணிய சாத்தான் ஒரு பெரிய மண்கட்டியை எறிந்தானாம். புனிதர் ஒருவருடைய பிரார்த்தனையால் அது குறி தவறி விழுந்து மீயன் குன்றாயிற்றாம். இரவு நேரங்களில் குன்றின் சரிவிலே பேய் வேட்டைநாய்கள் ஓடும் என்றும் சொல்வர். அங்கிருந்து ஏறத்தாழப் பதினைந்து மைலுக்கு அப்பாலுள்ள லோங் கொம்ப்ரன் கிராமத்தின் அருகே வட்டமாக நிற்கும் பழங்கற்கள், சூனியக்காரி ஒருத்தியின் மந்திரத்தால் கல்லாகிப்போன அரசனும் அவனுடைய வீரர்களுமே என்பது இன்னொரு கதை. இவ்வகைக் கதைகள் உலகில் எந்த நாட்டுக் கிராமத்துக்கும் புதியனவல்ல. நிலத்தின் விசித்திரமான வடிவுக்குக் காரணம் கூறவும், இருட்டிய பின் சிறுவர்களை வீட்டில் இருத்தவும் அவை உதவின.

இனிக் கொலையைப் பற்றிய விபரங்களைப் பார்ப்போம். சாள்ஸ் வோல்ற்றன் என்பவர் 74 வயதுக் கூலித் தொழிலாளி. வாழ்நாள் முழுவதும் அந்தச் சுற்றாடலிலேயே வயல்வேலை செய்து வந்தவர். மனைவியை 1927 இல் இழந்தவர். தேவாலயத்துக்கு எதிரேயிருந்த குடிசையில், தாம் சிறு வயதிலிருந்து வளர்த்தெடுத்த மருமகளுடன் வசித்தார். வாதநோயால் வருந்திக் கைத்தடி ஊன்றி நடந்தபோதிலும், வேலிகளை வெட்டித் திருத்தும் தொழிலை அவர் விட்டுவிடவில்லை.

1945 பெப்ரவரி 14 ஆம் திகதி, புதன்கிழமை. காலை ஒன்பது மணியளவில் கைத்தடியும் கவைக்கோலும் வேலி வெட்டும் வளைகத்தியுமாக அவர் தேவாலய வளவினூடாக நடந்து சென்றதைக் கண்டவர்கள் உண்டு. மீயன் குன்றின் சரிவிலுள்ள ஒரு வயலின் உயிர்வேலியை அவர் அன்று வெட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாக மாலை நான்கு மணிக்குள் வீடு திரும்புபவர், ஆறு மணியாகியும் வரவில்லை. வேலையிலிருந்து வந்த மருமகள் அச்சமடைந்து அயலவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, வோல்ற்றன் வேலை செய்த பண்ணையின் உரிமையாளரிடம் சென்றாள். மூவரும் மின்விளக்குடன் குன்றின் சரிவில் ஏறினர். வேலியோரத்தில் முதியவரின் உடல் கிடந்தது. அவருடைய கைத்தடியாலேயே அவர் அடிக்கப்பட்டிருந்தார். வளைகத்தியால் கழுத்து வெட்டப்பட்டிருந்தது. கவைக்கோலின் இரண்டு முனைகளும் கழுத்தின் இருபுறமும் நிலத்தினுள் ஆழ இறக்கப்பட்டிருந்தன. பிற்பகல் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் மரணம் நேர்ந்திருக்க வேண்டுமென உடலைப் பரிசோதித்த பேராசிரியர் கணித்தார். முதியவர் எப்பொழுதும் வைத்திருக்கும் மலிவான சட்டைப்பைக் கடிகாரம் காணப்படவில்லை.

ஐரோப்பாவின் நகரங்கள் குண்டுகளால் எரிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஜெர்மனியின் டிறெஸ்டன் நகரம் தீக்கிரையானது இதே நாளிலேதான். இருந்தும் ஓர் ஏழைக் கூலியாளின் மரணம் அலட்சியப்படுத்தப்படவில்லை. ஸ்கொட்லண்ட் யாட்டின் மிகப் புகழ்பெற்ற துப்பறிவாளரான ரொபேட் பேபியன் குயின்ரனுக்கு அனுப்பப்பட்டார். விமானப் படையின் விமானமொன்று சம்பவ இடத்தை மேலிருந்து படம் பிடித்தது. காணாமற்போன கடிகாரத்தைத் தேடிப் படைவீரர்கள் கண்ணிவெடி காணும் கருவிகளுடன் வயல்களில் நடந்தனர். அண்மையிலிருந்த முகாமின் இத்தாலிய யுத்தக் கைதிகள் விசாரிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவன் கையில் இரத்தக் கறையுடன் காணப்பட்டான் என்ற செய்தி பெரும் பரபரப்பை மூட்டியது. அவன் களவாக முயல் பிடித்தவன், அது முயலின் இரத்தம் என்று தெரிந்தபின் பரபரப்பு அடங்கியது.

இறுதியில் பொலிசாரின் ஐயம் வெளியூரை விட்டு உள்ளூருக்கே திரும்பியது. வோல்ற்றனுக்குக் கூலி கொடுத்து வந்த பண்ணைக்காரரின் வாக்குமூலங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. நண்பகலுக்குச் சற்றுப் பின் முதியவர் வேலை செய்வதைத் தூரத்திலிருந்து கண்டதாக அவர் சொன்னார். அதன்பின் தாம் எங்கிருந்தார், என்ன செய்தார் என்பதைச் சொல்லும்போது நேரங்கள் மாறின. கொலைக் கருவியைத் தாம் தொட்டதுண்டு என்று பின்னர் தெரிவித்தார். வோல்ற்றனுக்குக் கொடுத்த கூலியை விடக் கூடுதலான தொகையைக் கணக்கிற் காட்டிப் பணம் பெற்று வந்தமையும் வெளிப்பட்டது. மனைவி இறந்தபோது வோல்ற்றனிடம் ஏறத்தாழ முந்நூறு பவுண் இருந்தது. அவர் இறந்தபோது வங்கியில் எஞ்சியிருந்தது மிகச் சிறு தொகையே. அப்பணம் எங்கே போயிற்று, யாருக்காவது கடனாகக் கொடுக்கப்பட்டதா என்ற கேள்விகள் எழுந்தன. ஆனால் கேள்வி வேறு, சாட்சியம் வேறு. ஒரு மனிதரைத் தூக்குமேடைக்கு அனுப்பக்கூடிய சாட்சியம் கிடைக்கவில்லை. எவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. இனந்தெரியாத ஆளால் அல்லது ஆட்களாற் செய்யப்பட்ட கொலை என்பதே மரண விசாரணையின் முடிவாயிற்று.

நிகழ்ச்சி இவ்வளவே. இதிலே பேயும் இல்லை, சூனியமும் இல்லை. அவை எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதே இனிக் கவனிக்க வேண்டியது.

முதலாவதாக, ஒரு நூல் கிடைத்தது. ஸ்ராட்போட் பகுதியின் நாட்டார் வழக்குகளைப் பற்றிப் பாதிரியார் ஒருவர் 1929 இல் வெளியிட்ட நூல் அது. சாள்ஸ் வோல்ற்றன் என்னும் பெயருடைய உழவுச் சிறுவன் ஒருவன், தொடர்ந்து ஒன்பது மாலைகளில் வீடு திரும்பும் வழியிலே நாயொன்றைக் கண்டானென்றும், கடைசி நாளில் தலையற்ற பெண்ணுருவம் ஒன்று பட்டாடை சரசரக்கத் தன்னைக் கடந்து செல்லக் கண்டானென்றும், மறுநாள் தன் சகோதரி இறந்த செய்தியைக் கேட்டானென்றும் அந்நூல் கூறுகிறது. இது 1885 இல் நடந்ததாகச் சொல்வர். கொலையுண்டவருக்கு அவ்வாண்டில் பதினைந்து வயது. பெயரும் பொருந்தியது, வயதும் பொருந்தியது. கேட்டவர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அந்நூல் குறிப்பிடும் ஊர் குயின்ரன் அன்று. ஸ்ராட்போட்டின் மறுபுறத்தே உள்ள அல்வெஸ்ரன் என்ற வேறோர் ஊர். சாள்ஸ் என்பதும் வோல்ற்றன் என்பதும் இங்கிலாந்தில் அபூர்வமான பெயர்களுமல்ல. சிறுவனும் முதியவரும் ஒருவரே என்பதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை.

இரண்டாவதாக, பழைய கொலையொன்று நினைவுக்கு வந்தது. 1875 செப்ரெம்பரில் லோங் கொம்ப்ரன் கிராமத்தில், ஆன் ரெனன்ற் என்னும் முதியவளை ஜேம்ஸ் ஹேவூட் என்ற கூலியாள் கவைக்கோலாற் குத்திக் கொன்றான். ஊரிலே பதினைந்து பதினாறு சூனியக்காரிகள் இருக்கிறார்கள், அவர்களே தன் வேலையைக் கெடுக்கிறார்கள், அவர்களுள் இவளும் ஒருத்தி என்று அவன் மெய்யாகவே நம்பினான். நீதிமன்றம் அவனைச் சித்தப்பிரமை பிடித்தவனெனக் கண்டு மனநோய்ச் சிறையில் அடைத்து வைத்தது. இரண்டு கொலைகளிலும் கருவி கவைக்கோல் என்பது உண்மையே. ஆனால் வயல்வேலை செய்வோரின் கையில் இருக்கக்கூடியது கவைக்கோலும் கத்தியுமேயன்றி வேறென்ன? பிற்கால எழுத்தாளர் சிலர் இவ்வொற்றுமையோடு திருப்தியடையவில்லை. ஆன் ரெனன்றின் உடலிலும் சிலுவை வடிவில் வெட்டுக் காயம் இருந்ததென எழுதினர். வோல்ற்றனின் மார்பிலும் சிலுவைக் குறி கீறப்பட்டிருந்ததென எழுதினர். வோல்ற்றனின் உடலைப் பரிசோதித்தவரின் அறிக்கையில் அத்தகைய சிலுவை எதுவும் இல்லை. பின்னர் எழுந்த கதை முன்னர் நடந்த நிகழ்ச்சியையும் தனக்கு ஏற்பத் திருத்திக்கொண்டது என்க.

மூன்றாவதாக, அறிஞர் ஒருவரின் வாக்குச் சேர்ந்தது. மார்கரெட் மறே என்னும் அம்மையார் எகிப்திய ஆராய்ச்சியிற் பெயர் பெற்றவர். ஐரோப்பாவின் சூனியக்காரர் எனப்பட்டோர் கிறிஸ்து சமயத்துக்கு முற்பட்ட ஒரு மதத்தை மறைவாகப் பேணியவர்கள் என்று 1921 இல் நூலெழுதியவர். அக்கொள்கையைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் ஏற்கவில்லை. அவர் 1950 இல், ஓவியம் தீட்ட வந்தவர் போலக் குயின்ரனிற் சில நாள் தங்கியிருந்து, வோல்ற்றனின் மரணம் நிலத்தின் விளைச்சலுக்காகச் செய்யப்பட்ட நரபலியாக இருக்கலாம் என்று தெரிவித்தார். பெப்ரவரி 14 பழைய நாட்காட்டியின்படி பெப்ரவரி இரண்டாம் நாள், அது பழஞ்சமயத்தவரின் விழாநாள் என்று வேறு சிலர் கணக்கிட்டனர். இக்கணக்குக்குப் பன்னிரண்டு நாள் வித்தியாசம் வேண்டும். பிரித்தானியா நாட்காட்டியை மாற்றிய 1752 இல் இருந்த வித்தியாசமோ பதினொரு நாள். 1945 இல் இருந்தது பதின்மூன்று நாள். இடைப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டின் கணக்கை எடுத்தாலன்றி விழாநாள் பெப்ரவரி 14 இல் வந்து விழாது. உண்மையில் அன்று கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பற் புதன்கிழமை. அதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இவற்றின்மேல் சில்லறைக் கதைகள் பல ஏறின. வோல்ற்றன் பறவைகளோடு பேசுவார் என்றார்கள். தேரைகளை வளர்த்து அவற்றைச் சிறு கலப்பையிற் பூட்டி வயல்களில் விட்டு விளைச்சலைக் கெடுப்பார் என்றார்கள். தேரை பூட்டிய கலப்பை, ஸ்கொத்லாந்திலே 1662 இல் சூனியக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்ட இசபெல் கௌடி என்பவளின் வாக்குமூலத்தில் வருவதாகும். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளையும் நூற்றுக்கணக்கான மைல்களையும் கடந்து வந்து, அமைதியாக வாழ்ந்த ஒரு வேலி வெட்டும் முதியவரின் தலையில் அந்தப் பழி இறங்கியது.

இக்கதைகளுக்கெல்லாம் பெருமதிப்பை அளித்தவர் வேறு யாருமல்லர்; துப்பறிவாளர் பேபியனே. உத்தியோக அறிக்கையில் அவர் கவனித்தவை பணம், கூலி, நேரம், விரலடையாளம் ஆகிய உலகியல் விடயங்களே. பின்னர், 1950 இல் வெளியான தமது நினைவு நூலிலோ, மீயன் குன்றிலே தம் கண்முன் ஓடிய கருநாயையும், அதைப் பற்றி விசாரித்ததும் முகம் வெளிறிய சிறுவனையும், அந்நியர் நுழைந்ததும் பேச்சடங்கிப்போன தவறணையையும் சித்திரித்தார். 1970 இல் வெளிவந்த மற்றொரு நூலில், மந்திர தந்திரங்களில் ஈடுபட விழைவோர்க்கு இக்கொலையே எச்சரிக்கை என்றும் எழுதினார். தீர்க்க முடியாத வழக்கு துப்பறிவாளர் ஒருவருக்குத் தோல்வி. சூனியம் சூழ்ந்த வழக்கோ தோல்வியாகத் தோன்றாது. அங்கே அவர் தோற்றது மனித சக்திக்கு அப்பாற்பட்ட ஒன்றிடம் என்றாகிவிடும்.

அவர் வருணித்த மௌனத்துக்கு அச்சம் தவிர வேறு காரணம் இல்லையா? கிராம வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது கடினமான வினாவன்று. அக்காலத்து ஆங்கிலக் கிராமத்தில் வேலை கொடுப்பவர் பண்ணைக்காரர். பல இடங்களில் தொழிலாளியின் குடியிருப்பும் அவருடைய கையிலேயே இருந்தது. பொலிசார் சில வாரங்களில் இலண்டனுக்குத் திரும்பிவிடுவர். சாட்சி சொன்னவரோ, யாருக்கு எதிராகச் சொன்னாரோ அவருடைய வாசலைக் கடந்துதான் மறுநாளும் வேலைக்குச் செல்ல வேண்டும். அதே தேவாலயத்தில் அவரருகே அமர வேண்டும். ஐயம் இருக்கலாம், கண்ணாற் கண்டது எதுவும் இல்லாதபோது அந்த ஐயத்தை வாய்விட்டுச் சொல்வது அயலானின் கழுத்துக்குக் கயிறு திரிப்பதாகும். யுத்த காலத்தில் உணவுப் பங்கீட்டுக்கு அப்பாற்பட்ட முயலும் முட்டையும் கைமாறாத கிராமமும் குறைவு. கொலையோடு சம்பந்தமற்ற சிறு களவுகளும் பொலிசார் முன்னிலையில் வாயை மூடச் செய்யும். ஊரின் இரகசியம் என்பது பெரும்பாலும் ஒரே ஓர் இருண்ட மர்மமன்று. பல சிறிய மறைப்புகளின் கூட்டமே அது.

ஆதர் கொனன் டொயில் எழுதி 1901 ஆம் ஆண்டிலிருந்து 1902 வரை தொடராக வெளிவந்த பாஸ்கவில்ஸ் வேட்டைநாய் பற்றிய நாவலை இங்கே ஒப்புநோக்கலாம். அதிலும் தரிசு நிலத்தில் ஒரு பேய்நாய்க் கதை வழங்குகிறது. கொலைகாரன் அக்கதையைத் திரையாகக் கொண்டு தன் செயலை மறைக்கிறான். துப்பறிவாளர் அத்திரையைக் கிழிக்கிறார். குயின்ரனில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே கொலைகாரன் திரை எதையும் தொங்கவிடவில்லை. பத்திரிகைகளும் நூலாசிரியர்களும், துப்பறிவாளரும்கூட, பின்னர் வந்து அவனுக்காகத் திரையைத் தொங்கவிட்டனர். சாள்ஸ் வோல்ற்றனை நரபலியாக ஏற்றுக்கொண்டவர்கள், முரண்பட்ட வாக்குமூலங்களையும் பொய்க் கூலிக் கணக்கையும் பற்றி மேலும் கேட்க வேண்டிய தேவையை உணரவில்லை.

இரண்டு கிராமங்களின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது பாடம் தெளிவாகிறது. லோங் கொம்ப்ரனில் சூனியத்தைப் பற்றிய நம்பிக்கை ஒரு கிழவியின் உயிரைக் கொண்டது. குயின்ரனில் சூனியத்தைப் பற்றிய வேட்கை ஒரு கிழவரின் கொலையாளியை மறைக்க உதவியது. முன்னதை அறியாமை என்று எளிதாகத் தள்ளிவிடுவோர், பின்னதைச் செய்தவர்கள் நன்கு கற்றவர்களும் நூல் எழுதியவர்களும் என்பதை மறத்தலாகாது. நாட்டார் கதைகள் மீது குற்றமில்லை. அவை ஒரு மக்கட் கூட்டத்தின் நினைவுச் செல்வம். சாத்தான் எறிந்த மண்கட்டியைப் பற்றிக் கேட்டு மகிழ்வதில் தவறில்லை. அக்கதையைச் சாட்சிக் கூண்டிலே ஏற்றும்போதுதான் தவறு தொடங்குகிறது.

காணாமற்போன கடிகாரம் 1960 இல் அகப்பட்டது. குன்றின் சரிவிலன்று, வோல்ற்றன் வாழ்ந்த குடிசையின் பின்புற வளவில் வேலையாட்கள் அதைக் கண்டெடுத்தனர். அன்று காலை அவர் அதை எடுத்துச் செல்லவே இல்லையோ, அல்லது யாரேனும் பின்னர் கொண்டுவந்து போட்டனரோ, அதைச் சொல்லக்கூடியவர் எவரும் முன்வரவில்லை. அவ்வழக்கின் பழைய ஏடுகள் இப்பொழுது இலண்டன் தேசிய சுவடிக் கூடத்தில் எவரும் படிக்கக்கூடியனவாக உள்ளன. அவற்றில் சூனியக்காரன் ஒருவனை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடைவார். வாதநோயோடு கைத்தடி ஊன்றி, வயிற்றுப் பிழைப்புக்காக வேலி வெட்டச் சென்று, மாலையில் வீடு திரும்பாத ஒரு மனிதரையே அவர் அங்கே காண்பார்.